பெயருக்கு முன் ஊரைக் கேளுங்கள்: அமெரிக்கத் தென்மாநிலக் குடும்பத்தின் வேரைத் தேடும் வழி

நம் ஊரில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே "எந்த ஊர்?" என்று கேட்டுவிடுவோம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஒரு குடும்பத்தின் நான்கைந்து தலைமுறைகளைத் தேடப் புறப்படுகிறவருக்கு இந்தப் பழக்கம் பெரிய கைமுதல். அங்கே பெயரை நம்பிப் போனால் வழி தவறும். ஒரே மனிதரின் பெயரை ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். ஒரே வட்டாரத்தில் ஒரே பெயரோடு ஐந்து பேர் இருப்பார்கள். ஊர் தெரிந்தால்தான் எந்தக் காகிதம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பது தெரியும்.

நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் அட்லாண்டாவுக்கு அருகே இருக்கிறாள். மருமகன் ஜார்ஜியாக்காரர், தலைமுறை தலைமுறையாகப் பருத்தி விளைவித்த வெள்ளையர் குடும்பம். முதல் முறை அங்கே தங்கியிருந்தபோது சம்பந்தி அம்மா ஓர் அட்டைப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "நீங்கள் பழைய பத்திரம் படிக்கிறவர் என்று உங்கள் மகள் சொன்னாள். இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். ஒரு குடும்ப பைபிள், சில நில வரி ரசீதுகள், பின்புறத்தில் பெயர் எழுதாத ஒரு கட்டுப் புகைப்படங்கள். அந்தப் பெட்டியில் தொடங்கிய வேலை என்னை 1800களின் தொடக்கம் வரை இழுத்துக்கொண்டு போனது. தென்மாநிலக் குடும்பங்களில் பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் உறவு கொண்ட தமிழ்ப் பெற்றோர் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் பேரப்பிள்ளைகளின் வேரில் ஒரு பாதி அந்தச் செம்மண்ணில் இருக்கிறது. அதைத் தோண்ட விரும்புகிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை: பெரியவர்களிடம் உட்காருங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் குடும்பத்தில் வயதில் மூத்தவர் யார் என்று கேட்டு அவரிடம் போங்கள். காகிதம் காத்திருக்கும், அவர் காத்திருக்க மாட்டார்.

மருமகனின் பெரிய அத்தை தொண்ணூறைத் தாண்டியவர். அவரிடம் நான் முதலில் பிறந்த ஆண்டு, திருமணமான ஆண்டு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒன்றும் நினைவில்லை. பிறகு கேள்வியை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை எந்தத் தேவாலயத்துக்குப் போவீர்கள்? உங்கள் பாட்டியை எங்கே அடக்கம் செய்தார்கள்? பருத்தியை எந்த ஜின்னிங் ஆலைக்குக் கொண்டுபோவார்கள்? பக்கத்து நிலம் யாருடையது? ஒரு மணி நேரம் நிற்காமல் பேசினார். தேவாலயத்தின் பெயர், கல்லறை இருக்கும் மண் சாலை, பக்கத்து நிலத்துக் குடும்பங்கள் மூன்று என்று எல்லாம் வந்துவிட்டன. தேதியை ஆவணம் தரும். இடத்தையும் அக்கம்பக்கத்தையும் மனிதர்தான் தரவேண்டும். அவர் அனுமதியோடு கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். புகைப்படங்களைக் காட்டி, அவர் சொல்லும் பெயர்களைப் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை படத்தில் ஊறிவிடும்.

குடும்ப பைபிள் கிடைத்தால் அது பொக்கிஷம். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே பிறப்பு, திருமணம், இறப்பு எழுதுவதற்கென்றே சில பக்கங்கள் இருக்கும். ஆனால் படித்தவுடன் நம்பிவிடாதீர்கள். முன்பக்கத்தில் அந்த பைபிள் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1870இல் அச்சான பைபிளில் 1822இல் பிறந்த குழந்தையின் பெயர் இருந்தால், அது பின்னால் நினைவிலிருந்து எழுதப்பட்டது. எல்லா வரிகளும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தாலும் அதே கதைதான். கையெழுத்து மாறி மாறி, மை வெளுத்தும் கறுத்தும் இருந்தால் நிகழ்வு நடந்தபோதே எழுதியிருக்கிறார்கள் என்று ஆறுதல் அடையலாம்.

இரண்டாவது: கவுண்டியைப் பிடியுங்கள்

தென்மாநிலங்களில் எல்லாம் கவுண்டிதான். நம் வட்டம் போன்ற அளவு, ஆனால் மாவட்டத்துக்குரிய அதிகாரம். நிலப் பத்திரம், உயில், திருமண உரிமம், வரிப் பட்டியல் எல்லாம் கவுண்டித் தலைநகரின் நீதிமன்றக் கட்டடத்தில் பிறந்தவை. ஜார்ஜியாவில் மட்டும் 159 கவுண்டிகள், வட கரோலினாவில் 100.

சிக்கல் என்னவென்றால், கவுண்டிகள் உடைந்துகொண்டே இருந்தன. மக்கள் பெருகப் பெருகப் பெரிய கவுண்டியை வெட்டிப் புதியதை உண்டாக்கினார்கள். பழைய காகிதங்கள் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிட்டன. திருவாரூர்க்காரரின் பழைய பத்திரத்தில் தஞ்சாவூர் மாவட்டம் என்று இருக்கிறதல்லவா, அதே நிலைதான். ஜார்ஜியாவின் கிளேட்டன் கவுண்டி 1858இல் ஃபாயெட், ஹென்றி என்ற இரு கவுண்டிகளிலிருந்து உருவானது. ஆகவே கிளேட்டன்காரரின் 1840ஆம் ஆண்டுப் பத்திரத்தைக் கிளேட்டனில் தேடினால் கிடைக்காது. மில்டன், கேம்ப்பெல் என்ற இரு கவுண்டிகள் 1932இல் ஃபுல்டனோடு இணைந்து வரைபடத்திலிருந்தே மறைந்துவிட்டன. மாநிலங்களுக்கும் இது பொருந்தும்: கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் பகுதி. டென்னசி 1796இல் தனி மாநிலமானது. அதற்கு முந்தைய காகிதங்களுக்கு வட கரோலினாவை நாட வேண்டும். சிகாகோவின் நியூபெரி நூலகம் உருவாக்கிய பழங்கால கவுண்டி எல்லை வரைபடத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. தேடும் ஆண்டுக்குரிய எல்லையை அதில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். நான் இதைச் செய்யாமல் ஒரு கோடைக்காலம் முழுவதும் தவறான கவுண்டியில் தேடிக்கொண்டிருந்தேன்.

தீயில் போனவையும் உண்டு. தென்மாநிலங்கள் அடிமைமுறைக்காகப் பிரிந்து வடக்கோடு மோதிய உள்நாட்டுப் போரின்போது (1861–65) வர்ஜீனியாவின் பல கவுண்டிகள் தங்கள் பதிவேடுகளைப் பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் ரிச்மண்டே எரிந்தது. அப்படிப்பட்ட கவுண்டியில் மாட்டிக்கொண்டால் மனம் தளர வேண்டாம். மாநில அளவில் இருந்த வரிப் பட்டியல், பக்கத்துக் கவுண்டியில் இருந்த உறவினரின் உயில், தீக்குப் பிறகு மக்கள் மீண்டும் கொண்டுவந்து பதிவு செய்த பத்திரங்கள் என்று வேறு வாசல்கள் இருக்கின்றன.

மூன்றாவது: மக்கள்தொகைக் கணக்கைப் பின்னோக்கி ஏறுங்கள்

அமெரிக்க அரசு 1790 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 72 ஆண்டுகள் கழித்துத்தான் வீட்டு வாரியான தாள்களைப் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. ஃபேமிலிசர்ச் என்ற இணையதளத்தில் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம். ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம்; ஆனால் அமெரிக்காவின் பல பொது நூலகங்களில் அதன் நூலகப் பதிப்பைக் காசில்லாமல் பயன்படுத்தலாம். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நூலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு சந்தா கட்டுங்கள்.

1950இல் தெரிந்த ஒருவரைப் பிடித்து 1940, 1930 என்று ஒவ்வொரு படியாக இறங்குங்கள். ஒரு படியைக்கூடத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு ஆண்டுத் தாளும் ஒவ்வொரு விதமாகப் பேசும். 1900ஆம் ஆண்டுத் தாளில் பிறந்த மாதமும் ஆண்டும் இருக்கும்; ஒரு தாய் எத்தனை பிள்ளைகளைப் பெற்றாள், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்ற கணக்கும் இருக்கும். எங்கள் சம்பந்தி வீட்டில் ஒரு பாட்டியின் பெயருக்கு எதிரே பதினொன்று, ஆறு என்ற இரண்டு எண்கள். பெயர் தெரியாத அந்த ஐந்து குழந்தைகளை நினைத்துக்கொண்டு அன்று வேறு வேலை ஓடவில்லை. 1880ஆம் ஆண்டுத் தாள்தான் முதன்முதலாகக் குடும்பத் தலைவருக்கு மற்றவர்கள் என்ன உறவு என்று சொல்கிறது. பெற்றோர் பிறந்த மாநிலமும் அதில் உண்டு. அதற்கு முந்தைய 1870, 1860, 1850 தாள்களில் பெயர் மட்டும் இருக்கும், உறவு இருக்காது. ஒரே வீட்டில் இருக்கும் பெண், மனைவியா, தங்கையா, விதவையான அண்ணியா என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. 1850க்கு முன்பு குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான்; மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை.

1890ஆம் ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் சேதமாகி, எஞ்சியவையும் பின்னால் அழிக்கப்பட்டன. சுமார் 6.3 கோடிப் பேரில் ஏறத்தாழ ஆறாயிரம் பேரின் பதிவுதான் மிச்சம். 1880க்கும் 1900க்கும் நடுவே இருபது ஆண்டுப் பள்ளம் விழுகிறது. பிறந்து, மணமாகி, தனிக்குடித்தனம் போய்விடுவதற்கு அது போதுமான காலம். ஜார்ஜியாவில் அந்தப் பள்ளத்தைக் கவுண்டி வரிப் பட்டியல்களால் ஓரளவு நிரப்பலாம். அவை ஆண்டுதோறும் எழுதப்பட்டவை.

இன்னொன்று. கணக்கெடுத்தவர் வீடு வீடாக நடந்து போனவர். ஆகவே உங்கள் ஆள் இருக்கும் தாளோடு முன்னும் பின்னும் ஐந்து தாள்களைப் படியுங்கள். மேல் வரியில் இருப்பது மாமனார் வீடாக இருக்கலாம். கரோலினாவிலிருந்து ஜார்ஜியாவுக்கும், அங்கிருந்து அலபாமாவுக்கும் குடிபெயர்ந்தவர்கள் தனியாகப் போகவில்லை. அண்ணன் தம்பி, சம்பந்தி, ஒரே தேவாலயத்துக்காரர்கள் என்று கூட்டமாக வண்டி கட்டிப் போனார்கள். ஒருவரின் தடம் அழிந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் தடத்தைப் பிடித்துப் பழைய ஊருக்குப் போய்ச் சேரலாம். நான் பெற்ற பலன்களில் பாதி அப்படிக் கிடைத்தவை.

சான்றிதழ்கள்

இந்தப் பகுதியில் புதியவர்கள் அதிகம் எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். தென்மாநிலங்களில் மாநில அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு மிகவும் தாமதமாகத்தான் வந்தது: வட கரோலினா 1913, தென் கரோலினா 1915, ஜார்ஜியா 1919. தென் கரோலினாவில் 1911 வரை திருமணத்துக்கு உரிமமே தேவைப்படவில்லை. எனவே 1860இல் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடுவது வீண். ஆனால் அவர் 1930இல் இறந்திருந்தால் மரணச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்கும். ஜார்ஜியா ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் 1919 முதலான பழைய மரணச் சான்றிதழ்களை இலவசமாகப் பார்க்கலாம். விவரம் தந்தவர் யார் என்ற கட்டத்தை அவசியம் பாருங்கள். இறந்த தேதியை மருத்துவர் எழுதினார். எண்பது ஆண்டுக்கு முந்தைய தாயின் பெயரைத் துக்கத்தில் நின்ற மருமகன் சொன்னார். இரண்டுக்கும் ஒரே எடை போடக் கூடாது.

சமூகப் பாதுகாப்பு எண் கேட்டு 1936 முதல் மக்கள் கொடுத்த விண்ணப்பத்தில் பெற்றோரின் பெயரும் பிறந்த இடமும் இருக்கும். இறந்தவருடைய விண்ணப்பத்தின் நகலைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். அதை அவரே தம் கைப்பட நிரப்பியிருப்பார் என்பதால் எனக்கு அதன் மேல் மதிப்பு அதிகம். சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் குடிபெயர்ந்த கறுப்பினக் குடும்பங்களுக்குத் தென்மாநிலத்தின் எந்தக் கவுண்டி என்று கண்டுபிடிக்க இந்த விண்ணப்பமும், 1917–18 ராணுவப் பதிவு அட்டையும், வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் இறுதிச்சடங்கு நிரல் தாள்களும் மிகவும் உதவும்.

நான்காவது: பத்திரமும் உயிலும்

என் மனம் இங்கேதான் தங்குகிறது. தென்மாநிலங்களில் பிறப்பைப் பதியாதவர்கள்கூட நிலத்தைப் பதிந்தார்கள். தாய்ப்பத்திரம் தேடி ஒரு சொத்தின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்ப்பது நமக்குக் கைவந்த வேலை. அங்கேயும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

கவுண்டிப் பத்திர அட்டவணைகள் இரண்டு. ஒன்று விற்றவர் பெயர் வரிசை, மற்றது வாங்கியவர் பெயர் வரிசை. ஒருவர் வாங்கியதாக அட்டவணையில் இருந்து, விற்றதாக எங்கும் இல்லை என்றால், அந்த நிலம் வாரிசுகளுக்குப் போயிருக்க வேண்டும். அப்படியானால் அவர் இறந்த பிறகு நாலைந்து பேர் சேர்ந்து அதே நிலத்தை விற்ற பத்திரம் ஒன்று இருக்கும். அதில் மகன்கள், மகள்கள், மருமகன்கள் எல்லோரும் வரிசையாகக் கையெழுத்திட்டிருப்பார்கள். மணமான மகளின் புதுக் குடும்பப் பெயரைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல காகிதம் கிடையாது. கணவன் நிலம் விற்கும்போது, விதவையானால் அவளுக்குக் கிடைக்கவேண்டிய மூன்றில் ஒரு பங்கு உரிமையை மனைவி விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்காக அதிகாரி அவளைத் தனியே அழைத்து, மனமொப்பித்தான் சம்மதிக்கிறாயா என்று கேட்டுப் பதிவு செய்வார். வேறு எங்கும் தென்படாத பெண்ணின் பெயர் அந்தக் குறிப்பில் கிடைக்கும்.

வர்ஜீனியா, கரோலினாக்கள் போன்ற பழைய மாநிலங்களில் நிலத்தின் எல்லை மரத்தையும் ஓடையையும் வைத்துச் சொல்லப்பட்டிருக்கும். இன்ன வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்னார் எல்லையோடு இத்தனை 'போல்' (pole என்ற நில அளவு) தூரம் வடக்கே போய் என்று வரும். நம் பத்திரங்களின் நான்கெல்லை விவரத்தைப் படித்த கண்ணுக்கு அது தாய்மொழி மாதிரி. ஒரு போல் பதினாறரை அடி, ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி. அந்த எல்லையில் வரும் அண்டை நிலத்துக்காரர் பெயர்களை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அலபாமா, மிசிசிப்பி போன்றவற்றில் மத்திய அரசே நிலத்தை அளந்து கட்டம் போட்டு விற்றது. அந்த முதல் பட்டாக்கள் மத்திய நில அலுவலகத்தின் தளத்தில் பெயர் போட்டால் வந்து நிற்கும். ஜார்ஜியா வேறு மாதிரி. மஸ்கோகி, செரோக்கி என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து பறித்த நிலத்தை 1805 முதல் 1833 வரை பல தடவை சீட்டுக் குலுக்கிக் குடிமக்களுக்குக் கொடுத்தது. யார் எத்தனை சீட்டுக்குத் தகுதியானவர் என்ற பட்டியலில் விதவை, அனாதைகள், புரட்சிப் போர் (அமெரிக்க விடுதலைப் போர்) வீரர் என்ற குறிப்புகள் இருப்பதால் குடும்ப நிலையைச் சொல்லும் ஆவணமாக அது உதவுகிறது. உங்கள் பேரப்பிள்ளையின் மூதாதை சீட்டில் வென்ற நிலம் யாருடையதாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

உயில் படிக்கும்போது சொற்களில் கவனம் தேவை. பழைய சட்ட வழக்கில் அனாதை என்றால் தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் உயிரோடு இருக்கலாம். குழந்தை என்று பொருள்படும் 'இன்ஃபன்ட்' (infant) என்ற சொல் இருபத்தொரு வயது நிரம்பாத எவரையும் குறிக்கும். சீனியர், ஜூனியர் என்று இருந்தால் தகப்பனும் மகனும் என்று முடிவு செய்யாதீர்கள். நாம் பெரிய ராமசாமி, சின்ன ராமசாமி என்று சொல்வதுபோல, ஒரே ஊரில் ஒரே பெயரில் வயதில் மூத்தவர், இளையவர் என்பதுதான் பல இடங்களில் பொருள். உயிலில் பாலி என்று இருப்பவள் திருமணப் பதிவில் மேரியாக இருப்பாள். பாட்ஸி என்றால் மார்த்தா, சாலி என்றால் சாரா, பெக்கி என்றால் மார்கரெட். தாத்தா பெயரை வைத்ததால் பெயரன் என்றாகிப் பேரனான கதை நமக்குத் தெரியும். அவர்களும் தாத்தா, பாட்டி பெயர்களைப் பிள்ளைகளுக்கு இட்டார்கள். தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரையே பையனின் முதற்பெயராகவோ நடுப்பெயராகவோ வைத்தார்கள். விசித்திரமான நடுப்பெயர் கண்ணில் பட்டால் அது யாரோ ஒரு பாட்டியின் வீட்டுப்பெயராக இருக்கக்கூடும்.

உயில் எழுதாமல் இறந்தவருக்கும் சொத்து மதிப்பீட்டுப் பட்டியல் உண்டு. மூன்று நான்கு அண்டை வீட்டார் வந்து, கலப்பை, கட்டில், பசு, மெத்தை என்று ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு எழுதுவார்கள். எங்கள் சம்பந்தி குடும்பத்தின் 1850களின் பட்டியல் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி வரி வரியாக வாசித்துக்கொண்டு வந்தேன். கோவேறு கழுதைக்கும் சோளத்துக்கும் நடுவே ஒன்பது மனிதர்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே டாலர் கணக்கு. கடைசிப் பெயர் ஒரு கைக்குழந்தை. சம்பந்தி அம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஒன்பது பெயரையும் முதலில் எழுதுங்கள். நம் ஆட்களைப் பிறகு பார்க்கலாம்" என்றார். அவர் மீது எனக்கிருந்த மரியாதை அன்று இரட்டிப்பானது.

ஐந்தாவது: 1870 என்னும் சுவர்

1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் போட்டார்கள். மேலே உடைமையாளரின் பெயர். கீழே வயது, பால், நிறம். மிகச் சில இடங்கள் தவிர மனிதர்களின் பெயர் இல்லை. விடுதலைக்குப் பிறகு வந்த 1870ஆம் ஆண்டுக் கணக்கில்தான் தென்மாநிலக் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் முதன்முறையாகத் தம் பெயரோடு பதிவானார்கள். உங்கள் சம்பந்தி வீடு கறுப்பினக் குடும்பமானால், 1870 வரை எல்லோரையும் போல வந்து, அங்கே சுவரில் முட்டிக்கொள்வீர்கள்.

அதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். உலகறிந்த உதாரணம், மிஷேல் ஒபாமாவின் தாய்வழி மூதாதை மெல்வினியா. தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் கவுண்டியில் டேவிட் பேட்டர்சன் என்ற முதியவர் 1850இல் எழுதிய உயிலில், ராட்டைக்கும் மாடுகளுக்கும் இடையே, ஆறு வயதுச் சிறுமியாக அவர் வருகிறார். அதன் பிறகு நடந்த மதிப்பீட்டில் அவருக்கு இட்ட விலை 475 டாலர். வாரிசுரிமையில் ஜார்ஜியாவுக்கு, இன்றைய கிளேட்டன் கவுண்டிக்கு, ஷீல்ட்ஸ் குடும்பத்தின் பண்ணைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1870ஆம் ஆண்டுத் தாளில் நான்கு பிள்ளைகளோடு பதிவாகியிருக்கிறார். பக்கத்து நிலம் அந்த உடைமையாளரின் மகனுடையது. பின்னாளில் பார்ட்டோ கவுண்டிக்குப் போய், பேட்டர்சன் பண்ணையில் தன்னோடு சிறுவயதில் இருந்தவர்களோடு மீண்டும் சேர்ந்து வாழ்ந்தார். அவருடைய மகன் டால்ஃபஸ், அப்படிச் சேர்ந்து வாழ்ந்தவர்களின் மகளையே மணந்தார். 1938இல் மெல்வினியா இறந்தபோது சான்றிதழில் பெற்றோர் பெயருக்கான இடத்தில் "தெரியாது" என்று எழுதப்பட்டது. அடிமைப் பெண் ஒருத்தியின் வாழ்வை உயில், மதிப்பீடு, கணக்கெடுப்பு, அண்டை வீடு, மரணச் சான்றிதழ் என்ற ஐந்து காகிதங்கள் சேர்ந்து மீட்டிருக்கின்றன. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் தேடலுக்கும் வழி பிறக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். 1870 தாளில் உங்கள் குடும்பம் இருக்கும் இடத்தைச் சுற்றி நிலம் வைத்திருந்த வெள்ளைக் குடும்பங்களைக் குறியுங்கள். குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பவர்களை மட்டும் பார்க்காதீர்கள். விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் கடைசி உடைமையாளரின் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. பிறகு அந்த வெள்ளைக் குடும்பங்களின் உயில், மதிப்பீடு, பத்திரம், வாரிசு வழக்கு எல்லாவற்றிலும் உங்கள் ஆட்களின் முதற்பெயர்கள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றனவா என்று தேடுங்கள். ஒரு பெயர் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். தாயும் மூன்று பிள்ளைகளும் வயதோடு பொருந்தினால் அது தற்செயல் ஆகாது.

1865 முதல் 1872 வரை இயங்கிய விடுதலை பெற்றோர் நலத்துறையின் ஏடுகளில் கூலி ஒப்பந்தம், திருமணப் பதிவு, புகார், உணவுப் பங்கீடு எல்லாம் இருக்கின்றன. ஃபேமிலிசர்ச்சில் பெயர் போட்டுத் தேடலாம். விடுதலை பெற்றோருக்கென 1865 முதல் 1874 வரை நடந்த ஃப்ரீட்மன்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கியவர்களிடம் தாய், தகப்பன், உடன்பிறந்தார் பெயரையும், சில கிளைகளில் பழைய உடைமையாளரின் பெயரையும் கேட்டு எழுதினார்கள். போருக்குப் பின் தேவாலயப் பத்திரிகைகளில், விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாயையும் பிள்ளையையும் தேடி மக்கள் கொடுத்த விளம்பரங்கள் வெளிவந்தன. பல பத்தாண்டுகள் கழித்தும் தேடிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் உடைமையாளர்களின் பெயர்களும் ஊர்களும் வரிசையாக இருக்கும். படிப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும், ஆனால் படிக்க வேண்டும்.

உங்கள் சம்பந்தி வீடு எங்கள் வீட்டைப் போல வெள்ளையர் குடும்பமானால், உங்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்த பட்டியலில் உள்ள பெயர்களை, கவுண்டி, ஏடு, பக்க எண்ணோடு வெளியே வையுங்கள். 2023இல் பாஸ்டனின் அமெரிக்கன் ஆன்செஸ்டர்ஸ் அமைப்பு தொடங்கிய டென் மில்லியன் நேம்ஸ் திட்டம் இதற்கென்றே உழைக்கிறது. எங்கோ ஒரு குடும்பம் சுவரின் மறுபுறத்தில் நின்று அந்தப் பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

மற்ற வாசல்கள்

பாப்டிஸ்ட் தேவாலயங்களின் கூட்டக் குறிப்புகளில் யார் எந்த ஊர்த் தேவாலயத்திலிருந்து உறுப்பினர் கடிதம் கொண்டுவந்து சேர்ந்தார், யார் கடிதம் வாங்கிக்கொண்டு போனார் என்று இருக்கும். ஜார்ஜியாவின் பாப்டிஸ்ட் ஏடுகள் பல, மேக்கன் நகரின் மெர்சர் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. தென்னவர் படையில் போரிட்டவர்களுக்கு ஓய்வூதியம் கொடுத்தவை மாநில அரசுகள். ஆகவே எந்த மாநிலத்துக்காகப் போரிட்டாரோ அங்கே தேடாமல், முதுமையில் எங்கே வாழ்ந்தாரோ அந்த மாநிலத்தில் தேடுங்கள். வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பின வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. திருமணத்தையும் பிள்ளைகளையும் நிரூபிக்க அக்கம்பக்கத்தார் கொடுத்த வாக்குமூலங்கள் அவற்றில் பக்கம் பக்கமாக இருக்கும்.

"எங்கள் பாட்டி செரோக்கி" என்ற கதை அநேகமாக ஒவ்வொரு தென்மாநில வீட்டிலும் உண்டு. மறுக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். 1906–1909 என்று குறிக்கப்பட்டுள்ள, இழப்பீடு கோரிய கிழக்குச் செரோக்கி விண்ணப்பங்களைப் பாருங்கள். நிராகரிக்கப்பட்டவையே அதிகம். ஆனால் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்திலும் மூன்று தலைமுறைப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும்.

மரபணுச் சோதனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எள்ளுத்தாத்தா பொதுவாக இருக்கும் இருவரில், ஏறத்தாழப் பத்து ஜோடியில் ஒன்றுக்குப் பொருத்தமே தெரியாமல் போகலாம். பழைய விவசாயக் குடும்பங்களில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளே மணந்துகொண்டதும், இரண்டு அண்ணன் தம்பிகள் இரண்டு அக்கா தங்கைகளை மணந்ததும் சாதாரணம். அப்படிப்பட்ட வீடுகளில் சோதனை காட்டும் நெருக்கம் உண்மையை விட மிகையாக இருக்கும். மாமன் மகளை மணந்த மண்ணிலிருந்து வந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் காகிதம் வாய் திறக்காத இடத்தில் அது பேசும். மெல்வினியாவின் வழித்தோன்றல்களுக்கும் ஷீல்ட்ஸ் குடும்பத்தின் வழித்தோன்றல்களுக்கும் உள்ள இரத்த உறவை அதுதான் உறுதி செய்தது.

நேரில் போகும்போது

அட்லாண்டாவுக்குத் தெற்கே மாரோ என்ற ஊரில் ஜார்ஜியா மாநில ஆவணக் காப்பகமும் தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்லாண்டா கிளையும் அடுத்தடுத்த கட்டடங்கள். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்கலாம். போவதற்கு முன் திறந்திருக்கும் நாட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பென்சில் எடுத்துப் போங்கள், பேனாவை உள்ளே விடமாட்டார்கள். எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் முன்பாக ஏட்டின் அட்டையையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் எந்த ஏட்டிலிருந்து என்று தெரியாமல் தவிக்க நேரும். பிறர் இணையத்தில் போட்டிருக்கும் குடும்ப மரங்களைக் குறிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஆவணம் காட்டாத எந்த வரியையும் உங்கள் ஏட்டில் ஏற்றாதீர்கள்.

கல்லறைக்கு ஜனவரி, பிப்ரவரியில் போவது நல்லது. புதர் அடங்கியிருக்கும், பாம்பு பயமும் குறைவு. தனியார் நிலத்துக்குள் இருந்தால் உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ சோப்பு நுரையோ தேய்க்காதீர்கள், கல் அரித்துவிடும். ஒரு கண்ணாடியால் பக்கவாட்டில் வெயிலைத் திருப்பினால் எழுத்து எழும்பி நிற்கும். உங்கள் ஆளின் கல்லை மட்டும் படமெடுக்காமல் முழு வரிசையையும் எடுங்கள். எழுத்தே இல்லாத கரடுமுரடான கற்கள் நட்டிருந்தால் அவையும் கல்லறைகள்தான். கல்கூட இல்லாத இடங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் அடிமைகளாக இருந்தவர்களை அடக்கம் செய்த ஓரங்கள். அங்கே மரநிழலில் வின்கா என்ற கொடி நீலப்பூவோடு தரையில் படர்ந்திருக்கும். நாம் சுடுகாட்டு மல்லி என்று சொல்லும் நித்திய கல்யாணிக்கு அது நெருங்கிய உறவு. அவர்களும் அதைக் கல்லறையில்தான் நட்டார்கள். அந்தக் கொடி எங்கிருந்து எதுவரை படர்ந்திருக்கிறது என்று அடியால் அளந்து, தரையில் நீளவாக்கில் பள்ளம் விழுந்த இடங்களை எண்ணி, உங்கள் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.